ஒரு மணி நேரக் கூத்தில் வெட்டுப்படுவது என்ன?

கேள்வி கேட்டவர் சென்னையில் ஓர் அரங்கில் ஒரு மணி நேரம் தெருக்கூத்து பார்த்திருக்கிறார். வேஷமெல்லாம் பிரமாதம், ஆனால் ஒரே சத்தம், பாட்டு பாதி புரியவில்லை, வீடு திரும்பியபோது மனசில் ஒன்றும் நிற்கவில்லை என்கிறார். ஊர்ப்பக்கம் விடிய விடியப் பார்த்தவர்கள் மட்டும் ஆயுசுக்கும் மறக்காது என்கிறார்களே, அது நிஜமா, சொந்த ஊர்ப் பாசமா, முதல் தடவை போகிறவர் எதைப் பார்க்கலாம் என்றும் கேட்கிறார். அவர் மனசில் இருப்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஆடுகிறவரும் அவரே, பாட்டும் அதே பாட்டு, அப்படியிருக்க, அங்கே ஆளை உலுக்குகிற கூத்து இங்கே ஏன் சும்மா கடந்து போகிறது?

செய்யாறு பக்கத்து ஜமாக்களில், அதாவது கூத்துக் குழுக்களில், ஹார்மோனியம் வாசித்து, பின்பாட்டுப் பாடிப் பல வருஷம் இருந்தவன் நான். ஹார்மோனியப் பெட்டிக்காரனுக்கு இடம், கூத்தாடுகிற களரிக்குப் பின்னால் போடுகிற பெஞ்சு. அங்கிருந்து ஆடுகிறவரின் முதுகு தெரியும், அவரைத் தாண்டி ஜனங்களின் முகம் தெரியும். காலால் துருத்தியை மிதித்தபடி ராத்திரி முழுக்க அந்த முகங்களைத்தான் பார்த்திருக்கிறேன். கூத்து எந்த இடத்தில் ஒருவரைப் பிடிக்கிறது, எந்த இடத்தில் விட்டுவிடுகிறது என்பது அங்கே நன்றாகத் தெரியும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் அனுபவம் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர் பக்கத்துக் கூத்து. விழுப்புரம், கடலூர் பக்கத்துத் தெற்கத்திக் கூத்தை விருந்தாளியாகப் போய்ப் பார்த்ததோடு சரி. நான் சொல்வது அங்கேயும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

முதலில் நேரம். எங்கள் பக்கம் கூத்து ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு மேளக்கட்டோடு தொடங்கும். மிருதங்கம், டோலக், முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல், ஹார்மோனியம், தாளம் எல்லாம் சேர்ந்து ஊரை எழுப்பும். அப்புறம் சாமி பாட்டு. அப்புறம் கோமாளியான கட்டியக்காரன் வந்து ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைப்பார். முக்கிய வேஷம் அதற்குப் பிறகுதான் வரும். அதுவும் சட்டென்று வராது. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும். உள்ளே இருந்து விருத்தம் கேட்கும். துரியோதனன் என்றால் தன் பெருமையெல்லாம் பாடி முடித்து, திரையைக் கையால் பிடித்து உலுக்கி, முகத்தைக் காட்டி மறைத்து, திரையை விலக்கி வெளியே வந்து, களரியைச் சுற்றிக் கிரிக்கி அடித்து, அதாவது சுழன்று ஆடி, நிற்பதற்குள் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அந்த அரை மணியில் ஜனங்கள் அவனைப் பார்க்க ஏங்கிப்போவார்கள். கடைசி வரிசையில் இருக்கிற சின்னப் பிள்ளைகூட முட்டி போட்டு எட்டிப் பார்க்கும். அரங்கக் கூத்தில் முதலில் வெட்டுவது இந்தத் திரைப் பிரவேசத்தைத்தான். ஐந்து நிமிஷத்தில் துரியோதனன் வந்துவிடுவார். வந்ததும் உங்களுக்கு அவர் ஓர் அழகான வேஷம், அவ்வளவுதான். அவருக்காக நீங்கள் காத்திருக்கவே இல்லையே.

சத்தம் என்று சொன்னீர்கள். அது சரியான குறைதான், ஆனால் குறை கூத்தின் மேல் இல்லை. மைக் வராத காலத்தில் திறந்த வெளியில் நூற்றுக்கணக்கான பேருக்குக் கேட்க வேண்டும் என்று உருவான தொண்டை அது. உச்ச ஸ்தாயியில் இழுத்துப் பாடினால்தான் முகவீணையையும் மிருதங்கத்தையும் தாண்டி வார்த்தை வெளியே போகும். இப்போது ஊரில் களரிக்கு நடுவே மேலே கயிறு கட்டி மைக்கைத் தொங்க விடுகிறார்கள். ஆடுகிறவர் அதன் அடியில் வந்து வசனம் பேசிவிட்டு மறுபடி ஆடப் போய்விடுவார். சத்தம் வயல்வெளிக்குப் போய்க் கரையும். அதே குரலை நாலு சுவருக்குள் பெரிய ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்தால் காது அடைக்காமல் என்ன செய்யும்?

பாட்டு புரியாததற்கும் காரணம் இருக்கிறது. கூத்தில் ஒரு விஷயத்தை ஒரே தடவை சொல்லிவிட்டுப் போவதில்லை. தாளமில்லாமல் விருத்தமாகப் பாடுவார். அதையே தாளத்தோடு தருவாகப் பாடி ஆடுவார். நாங்கள் பின்னால் அந்த அடியை எடுத்துத் திருப்பிப் பாடுவோம். பிறகு கட்டியக்காரன், "ராஜாவே, இப்ப பாடுனீங்களே, அது இன்னா?" என்று கேட்பார். அதற்கு ராஜா வசனத்தில் விளக்கமாகப் பதில் சொல்வார். பாட்டில் தவறவிட்டதை வசனத்தில் பிடித்துக்கொள்ளலாம். பெரிய எழுத்துப் புத்தகத் தமிழை எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட முழுசாகப் புரிந்துகொள்வது இப்படித்தான். ஒரு மணி நேரத்துக்குச் சுருக்குகிறவர்கள் வசனத்தை வெட்டிவிட்டுப் பாட்டையும் ஆட்டத்தையும் வைத்துக்கொள்கிறார்கள், கண்ணுக்கு அதுதான் நன்றாக இருக்கும் என்று. புரிய வைக்கிற பகுதி போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய விஷயம், பார்க்கிறவர்கள் என்ன நிலையில் வந்து உட்காருகிறார்கள் என்பது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் கொடியேற்றிக் காப்புக் கட்டியதிலிருந்து பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். பிரசங்கியார் வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதப் பாட்டைச் சொல்லி விரிவாகக் கதை சொல்வார். கதை நகர நகர அதற்கேற்ற கூத்து பெரும்பாலும் ராத்திரியில் நடக்கும்: வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், துகில், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம், கடைசியில் பதினெட்டாம் போர். எத்தனை ராத்திரி, எந்தெந்தக் கூத்து என்பது ஊருக்கு ஊர் மாறும். காப்புக் கட்டியவர் வேற்றூரில் ராத்தங்க மாட்டார். துகில் ராத்திரி வரும்போது ஜனங்கள் நாடகம் பார்க்கிற நிலையிலேயே இருப்பதில்லை. தங்கள் ஊர் அம்மனுக்கு இன்றைக்கு அந்த அநியாயம் நடக்கப் போகிறது என்ற நினைப்போடு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தத் துகில் கூத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பெரிய பதில் அதுதான். துச்சாதனன் திரௌபதியை அழைக்கப் போவதும், அவள் நியாயம் கேட்பதும், அவன் எகத்தாளம் பேசுவதும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். பாட்டுக்குப் பாட்டு பதில். திரௌபதி வேஷம் போடுகிறவர் பெரும்பாலும் ஆண்தான். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல புடவை சுற்றியிருப்பார். துச்சாதனன் கூந்தலைப் பிடித்து இழுத்து வரும்போது மணி மூன்றோ நாலோ ஆகியிருக்கும். தூங்கிப்போன பிள்ளைகளைத் தாய்மார் தட்டி எழுப்பி உட்கார வைப்பார்கள். ஊரே முக்கால் தூக்கத்திலும் கால் விழிப்பிலும் இருக்கிற நேரம். புடவையில் கை வைக்கும் முன்னால் கூத்து நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். இத்தனை நேரம் எக்காளமிட்ட துச்சாதனன் திரௌபதி முன்னால் குனிந்து கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இனி செய்யப் போவதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பது அது. சில ஆட்டக்காரர்கள் இந்த வேஷத்துக்கு அன்றைக்கு விரதம் இருப்பார்கள்.

பெஞ்சிலிருந்து நான் பார்ப்பது இதை: கற்பூரம் எரிகிறபோது முன்வரிசைக் கிழவிகள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அடுத்த நிமிஷம் புடவை நுனி அவன் கைக்குப் போனதும் அதே கிழவிகள், "வுட்றா பாவி, வெளங்குவியா நீ" என்று மண்ணை வாரி வீசுகிறார்கள். இரண்டும் மனசாரத்தான். துச்சாதனனாக நடிப்பவர் பக்கத்து ஊர்க்காரர், பகலில் நிலத்தில் வேலை செய்கிறவர் என்று அவர்களுக்குத் தெரியும். அவன் துச்சாதனன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இதில் ஒன்று இன்னொன்றைக் கெடுப்பதில்லை. திரௌபதி இரண்டு கையையும் மேலே தூக்கிக் கிருஷ்ணனைக் கூப்பிடும்போது, "கோவிந்தா! கோவிந்தா!" என்று ஊர் மொத்தமும் எழுந்து நின்று கத்தும். அந்த நேரத்தில் என் பெட்டி என்ன சுரம் கொடுக்கிறது என்று எனக்கே கேட்காது. மிருதங்கக்காரர் ஆடுகிறவரின் காலை மட்டும் பார்த்து அடிப்பார். புடவை இழுக்க இழுக்க வந்து குவியும். துச்சாதனன் சோர்ந்து விழுவான். அவள் தலைமுடியை விரித்து, துரியோதனன் ரத்தம் தடவாமல் முடிய மாட்டேன் என்று சபதம் சொல்வாள். அந்த முடிச்சு அவிழ்ந்தே இருக்கும், திருவிழாவின் கடைசி நாள்வரைக்கும். சென்னை மேடையில் இதே காட்சியைப் பன்னிரண்டு நிமிஷத்தில் செய்து கைதட்டும் வாங்கலாம். கத்துவதற்கு அங்கே யாரும் வரவில்லை, பார்ப்பதற்குத்தான் வந்தார்கள்.

இந்தக் காட்சியில் அருள் வருவதைப் பற்றிப் பலவிதமாகச் சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்ததையும் என்னால் தீர்மானிக்க முடியாததையும் பிரித்தே சொல்கிறேன். பார்க்கிற ஜனங்களில் சிலருக்குச் சாமி வரும், விபூதி பூசி எலுமிச்சம்பழம் கொடுத்து உட்கார வைப்பார்கள். இது நிச்சயம், பலமுறை பார்த்தது. துச்சாதனன் வேஷக்காரர் நினைவு தப்பி விழுந்து, தண்ணீர் தெளித்து எழுப்பியதும் உண்டு. ஆனால் அப்படி விழுகிறவர் விழும்வரைக்கும் ஒரு அடிகூடத் தாளம் தப்பாமல் ஆடியதையும் கவனித்திருக்கிறேன். அது அருளா, பயிற்சியா, ராத்திரி முழுக்கக் கட்டைச் சாமான் என்கிற மர அணிகளின் பாரத்தோடு ஆடிய களைப்பா? ஒருவரிடம் கேட்டேன். கை மரத்துப்போகும், அப்புறம் பாட்டு தானாக வரும் என்றார். அதற்கு மேல் அவராலும் சொல்ல முடியவில்லை. ஆராய்ச்சிப் புத்தகங்களிலும் இதற்கு ஒரே முடிவு கிடையாது. சும்மா நடிப்பு என்று ஒதுக்குகிறவரையும் நான் நம்பவில்லை, எல்லாம் தெய்வச் செயல் என்று முடிக்கிறவரையும் நம்பவில்லை.

இன்னொரு கூத்து, திருவிழாவோடு சம்பந்தப்படாதது. எங்கள் பக்கம் வயதானவர் இறந்துவிட்டால் காரியத்துக்கு முந்தின ராத்திரி கர்ண மோட்சம் வைக்கிற வழக்கம் உண்டு. கூட்டம் குறைவுதான், சாவு நடந்த வீட்டுக்கு எதிரே தெருவிலேயே ஆடுவோம். இதில் கர்ணன் மனைவி பொன்னுருவி வருவாள். வியாச பாரதத்தில் இல்லாத பாத்திரம், தமிழ்க் கதைகளில் மட்டும் உண்டு. தேர்ப்பாகன் மகன் என்று புருஷனை இத்தனை நாள் விலக்கி வைத்தவள், அவன் போருக்குப் புறப்படுகிற நேரத்தில் பிறப்பின் உண்மை தெரிந்து கதறுகிறாள். அப்புறம் போர்க்களம். அடிபட்டுக் கிடக்கிற கர்ணனிடம் கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து அவன் செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்கிறான். கர்ணன் தன் ரத்தத்தால் தாரை வார்த்துக் கொடுக்கிறான்.

ஒரு வீட்டில் பொன்னுருவி ஒப்பாரியின்போது நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இறந்தவரின் மனைவி திண்ணையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அதுவரைக்கும் அந்த அம்மா கூத்தையே பார்க்கவில்லை. பொன்னுருவி பாட்டின் இரண்டாவது அடியை எடுத்தபோது, அந்த அம்மா தன் புருஷனுக்கான ஒப்பாரியை அதே ராகத்தில் எடுத்தார். வேஷக்காரர் தன் பாட்டை நிறுத்திவிட்டுத் திண்ணைப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தார். ஜமாவை நடத்துகிற எங்கள் வாத்தியார் கண்ணால் ஜாடை காட்ட, மிருதங்கம் நின்றது, நான் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா ஒரு வரி சொல்ல, பொன்னுருவி ஒரு வரி சொல்ல, இப்படியே போயிற்று. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அந்த அம்மாவே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆடு நைனா, நீ ஆடு" என்றார். கூத்து தொடர்ந்தது. நாடகத்தில் இதைவிட உயர்ந்த ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. டிக்கெட் போட்டு இதைக் காட்டவும் முடியாது.

பகலில் நடக்கும் இரண்டும் பார்க்க வேண்டியவை. அர்ஜுனன் தபசில் பனை உயரக் கம்பத்தில் படி கட்டியிருப்பார்கள். அர்ஜுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறி உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வ இலையும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் ஈரப்புடவையோடு அடியில் காத்திருந்து மடியேந்திப் பிடிப்பார்கள். பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம். மல்லாந்து கிடக்கிற துரியோதனன் உருவத்தை மண்ணால் பெரிதாகச் செய்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் அதன்மேல் ஏறி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடித்ததும் உள்ளே வைத்த சிவப்பு நீர் கொட்டும், அதைத் தடவித் திரௌபதி கூந்தல் முடிவாள். அன்று சாயங்காலம் தீமிதி.

நகரத்து ஆளுக்கு இது பிடிபடாது என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்தாளர் ந. முத்துசாமி சென்னையில் வாழ்ந்தவர். செய்யாறு பக்கத்துப் புரிசை ஊர்க் கூத்துக் கலைஞர் நடேச தம்பிரானின் கூத்தைப் பார்த்துத்தான் அதன் பக்கம் திரும்பினார், 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து (தெருக்கூத்துக்கு இன்னொரு பெயர்) குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் படிப்போடு கூத்து கற்றார்கள். ஆண்கள் மட்டும் ஆடிய கலையில் அது பெரிய மாற்றம். அரங்கில் அறிமுகம் செய்கிறவர்கள் இது இரண்டாயிரம் வருஷக் கலை என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சங்கப் பாட்டில் கூத்தர் உண்டு, அதில் சந்தேகமில்லை. அந்தக் கூத்தும் இன்றைக்கு நாம் பார்க்கிற கூத்தும் ஒன்றே என்று காட்ட நடுவில் போதிய சான்று கிடையாது. நான் வாசித்த ஹார்மோனியமே 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பிறந்த வாத்தியம். பழமை இல்லாவிட்டாலும் கூத்துக்கு மதிப்புக் குறையாது.

சரி, முதல் தடவை எதற்குப் போவது? திருவிழாவில் நடக்கிற துகில் கூத்துக்குப் போங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் செய்யாறு, வந்தவாசி, ஆரணி, காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். பிரசங்கம், கூத்து, படுகளம் எல்லாம் தேதிவாரியாக அதில் இருக்கும். முடிந்தால் அன்று மத்தியானமே போய்ப் பிரசங்கத்தில் உட்காருங்கள், ராத்திரி கதை தானாகப் புரியும். திருவிழா தேதி ஒத்துவராவிட்டால் புரிசையில் கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரான் நினைவாக வருஷந்தோறும் நடத்துகிற விழா இருக்கிறது. அங்கே கூத்தோடு நவீன நாடகமும் இருக்கும், வெளியூர்க்காரர்கள் நிறைய வருவார்கள், கூச்சமாக இருக்காது. கர்ண மோட்சத்தை மட்டும் துக்க வீட்டில் தேடிப்போய்ப் பார்க்காதீர்கள். தெரிந்தவர் அழைத்தால் போகலாம்.

பாய் ஒன்று கொண்டுபோங்கள். நாற்காலியில் ஓரமாக உட்காராமல், பெண்ணாக இருந்தால் முன்னால் கிழவிகள் பக்கத்திலும் ஆணாக இருந்தால் பக்கவாட்டில் தரையிலும் உட்காருங்கள். நடுவில் மைக்கில் அன்பளிப்பு வாசிப்பார்கள். யாரோ ஒருவர் பேரன் பிறந்ததற்குக் கொடுத்த ஐம்பது ரூபாய்க்காகத் துரியோதனனே நின்று வாழ்த்துச் சொல்வார். அரங்கத்துக்காரர்களுக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், கொடுத்தவரின் பெயர் அந்த ராத்திரியில் சேர்ந்துவிடுகிறது. உங்களால் முடிந்ததை நீங்களும் கொடுக்கலாம். பன்னிரண்டு மணிக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள், ஊரே தூங்கும். பக்கத்தில் இருப்பவரிடம் துகில் வரும்போது எழுப்பச் சொல்லிவிடுங்கள், கட்டாயம் எழுப்புவார்கள். வேஷம் கட்டுகிற இடத்துக்குச் சாயங்காலம் எட்டு மணி வாக்கில் போய்க் கேட்டால் பார்க்க விடுவார்கள். அரிதாரம் குழைப்பதையும், துரியோதனனுக்குச் சிவப்பு பூசுவதையும் கிட்டேயிருந்து பார்க்கலாம். கற்பூரம் ஏற்றும்போதும் யாருக்காவது சாமி வரும்போதும் போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். காலையில் முதல் பஸ் வரும்வரை டீக்கடையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்கள் அரிதாரம் கலைத்துவிட்டு அங்கேதான் வருவார்கள். அவர்களிடம் பேசுங்கள், அடுத்து எந்த ஊரில் எந்தக் கூத்து என்று அவர்களே சொல்வார்கள்.